சாவி யார் கையில்?

அந்தப் பொறியாளரின் வீட்டுக் கணினியில் பிளெக்ஸ் இருந்தது. தன்னிடம் உள்ள படங்களையும் பாடல்களையும் வீட்டு டிவியிலும் கைபேசியிலும் பார்க்க உதவும் சர்வர் மென்பொருள் அது. உலகெங்கும் ஏராளமான வீடுகளில் ஓடுகிறது. அவர் வேலை பார்த்ததோ அமெரிக்காவின் லாஸ்ட்பாஸில். மக்கள் தங்கள் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்க நம்பி வந்த நிறுவனம் அது. அதன் கிளவுட் பேக்கப்புகளைத் திறக்கும் சாவிகள் நான்கே பேரிடம் இருந்தன. அந்த நால்வரில் இவர் ஒருவர்.

2022 ஆகஸ்டில் லாஸ்ட்பாஸுக்குள் ஒரு முறை புகுந்திருந்த தாக்குதல்காரர்கள், அங்கே கிடைத்த தகவல்களை வைத்து இவரைக் குறிவைத்தார்கள். வீட்டுக் கணினியில் இருந்த பழைய மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்தார்கள். கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் நிரலை அதில் வைத்தார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை முடித்துவிட்டு அவர் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டியபோது, அது அவர்களுக்கும் கிடைத்தது. அதை வைத்து நிறுவனத்தின் பெட்டகத்தைத் திறந்தார்கள். அங்கிருந்து அமேசான் கிளவுடில் இருந்த பேக்கப்புகளுக்குப் போனார்கள். முடிவில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களின் நகல்களே அவர்கள் கைக்குப் போய்விட்டன. பெட்டகங்கள் போனதை அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. வீட்டுக் கணினி வழியாகத்தான் போயின என்பது 2023 பிப்ரவரி கடைசியில் வெளியே வந்தது.

பிளெக்ஸ் தரப்பு பின்னர் சொன்ன விவரம் இன்னும் வேதனையானது. அந்த ஓட்டையை அவர்கள் 2020 மே மாதமே அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 75 புதிய பதிப்புகள் வெளிவந்திருந்தன. அந்தக் கணினியில் இருந்தது அடைப்பதற்கு முந்தைய பதிப்பு.

இந்த நிகழ்வில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள், சரிசெய்தார்கள், ஊரறிய அறிவித்தார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் முக்கியமான ஒரு சாவி எந்தக் கணினியில் புழங்குகிறது, அதே கணினியில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கோட் எழுதும் வேலையில் பாதியை ஏஐ கருவிகளிடம் கொடுத்துவிட்ட இந்தக் காலத்தில், அந்தக் கணக்கெடுப்பு ஒவ்வொரு டெவலப்பரின் அன்றாட வேலையாகியிருக்கிறது. கோட்டை மனிதன் எழுதினானா இயந்திரம் எழுதியதா என்று நாம் நிறைய விவாதிக்கிறோம். அது எங்கே ஓடுகிறது, அதன் கைக்கு எட்டும் தூரத்தில் எந்தெந்தச் சாவிகள் கிடக்கின்றன என்பதை அதைவிட அதிகமாக விவாதிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்த சர்வர்

சொந்த சர்வர் வைத்துக்கொள்ளும் ஆசை நியாயமானது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தியபோது, குடும்பத்தின் பல வருடப் படங்கள் வேறொருவர் வீட்டில் வாடகைக்கு இருப்பதைப் பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள். படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன் என்று இன்று நல்ல கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பழைய கணினி போதும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் நம் வீட்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று நினைப்பவரைப் பார்த்து, வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

முன்பு இந்த வழியில் ஒரு இயற்கையான தடை இருந்தது. லினக்ஸ் தெரிய வேண்டும். கோப்புகளின் உரிமைகள், சான்றிதழ்கள், நெட்வொர்க் எல்லாவற்றிலும் முட்டி மோத வேண்டும். சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் கேள்வி கேட்டு, திட்டு வாங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வழியாக வேலை செய்ய வைக்கும்போது, அதோடு சேர்ந்து கொஞ்சம் எச்சரிக்கையும் ஊறியிருக்கும். இப்போது ஏஐ கருவியிடம் தமிழிலேயே கேட்டால் போதும். செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கருக்கான கோப்பை எழுதித் தருகிறது. பிழைச் செய்தியை அப்படியே ஒட்டினால் திருத்தியும் தருகிறது. ஒரு மாலைப் பொழுதில் சர்வர் தயார். இது பெரிய விடுதலை. நகரத்துக் கல்லூரியும் விலையுயர்ந்த பயிற்சியும் கிடைக்காத பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதவு திறந்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அந்த முட்டல் மோதலில் கிடைத்த எச்சரிக்கை இந்த வழியில் கிடைப்பதில்லை. அதைத் தனியாகத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜியோ போன்ற நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதனால் வீட்டு சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறப்பது பல வீடுகளில் முடியாது. அது எரிச்சலாகத் தோன்றினாலும் ஒரு வகையில் பாதுகாப்புதான். ஆனால் வெளியிலிருந்து எட்ட வேண்டும் என்று பலரும் மாத வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வரை எடுக்கிறார்கள். அதற்கு முழுப் பொது முகவரி இருக்கும். அது உயிர்பெற்ற நிமிடத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எவ்வளவு சீக்கிரம் ஆபத்து வரும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இஸட்மேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பிலிருந்து அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்தது. இன்று பத்து வருடத்துக்கும் மேல் கடந்துவிட்டது. “என் சர்வர் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?” என்ற ஆறுதலுக்கு இடமில்லை. போதாக்குறைக்கு, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டில் ஒரு சான்றிதழ் வாங்கியதுமே அந்த டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். சான்றிதழ் மோசடியைத் தடுக்கத்தான் அந்தப் பதிவேடு இருக்கிறது. ஆனால் போட்டோஸ், அட்மின், பேக்கப் என்றெல்லாம் நாம் வைத்த துணைப் பெயர்களை அது உலகத்துக்கே சொல்லிவிடுகிறது.

பூட்டியதாக நம்பிய கதவு

புதிதாக சர்வர் அமைப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது டாக்கரும் உபுண்டுவின் எளிய ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவும் சந்திக்கும் இடம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் ஏஐ கருவி சொன்னபடி ஃபயர்வாலை அமைக்கிறார். வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் மறு, இணையதளத்துக்கான இரண்டு போர்ட்களையும் ரிமோட் லாகினுக்கான ஒன்றையும் மட்டும் அனுமதி என்கிறார். நிலவரத்தைக் கேட்டால் ஃபயர்வால் இயங்குகிறது என்று பச்சையாகச் சொல்கிறது. பிறகு டாக்கரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ஏற்றுகிறார். அதற்கான கோப்பில் 5432:5432 என்று ஒரு வரி. எல்லாப் பயிற்சிப் பாடங்களிலும் இருக்கும் வரிதான். ஆனால் டாக்கர், ஒரு போர்ட்டை வெளியிடும்போது லினக்ஸின் பாக்கெட் விதிகளில் தன் விதிகளை நேரடியாக எழுதிவிடுகிறது. அந்தப் போர்ட்டுக்கு வரும் போக்குவரத்து யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடுவதற்கு முன்பே கன்டெய்னருக்குத் திருப்பப்படுகிறது. டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஆக, ஃபயர்வால் மூடியிருப்பதாகச் சொல்லும் அதே நேரத்தில் டேட்டாபேஸ் உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது.

பாஸ்வேர்டும் பாடத்தில் இருந்தபடி போஸ்ட்கிரெஸ் என்றே இருந்துவிட்டால், நுழைபவருக்கு டேட்டா மட்டும் கிடைப்பதோடு முடியாது. போஸ்ட்கிரெஸின் முதன்மைப் பயனருக்கு, டேட்டாபேஸுக்குள் இருந்தபடியே சர்வரில் கட்டளைகளை ஓட்டும் வசதி உண்டு. இந்த வசதியைப் பயன்படுத்தி கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களைப் பரப்பிய கும்பலைப் பற்றி 2020லேயே பாலோ ஆல்டோ நிறுவன ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தெரிவது, ஃபேன் ஓயாமல் சுற்றுவதோ கிளவுட் நிறுவனத்திலிருந்து வரும் எச்சரிக்கை மின்னஞ்சலோதான்.

தீர்வு ஒரே வரி. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால் அந்த டேட்டாபேஸ் அந்தக் கணினிக்குள் மட்டும் கேட்கும். பல சமயம் அந்த போர்ட் வரியே தேவையில்லை. செயலியும் டேட்டாபேஸும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அப்படியானால் ஏஐ கருவி ஏன் அந்த வரியை எழுதுகிறது? அது கற்றது பயிற்சிப் பாடங்களிலிருந்து. பாடம் எழுதுபவரின் லேப்டாப்பில் எல்லாம் எளிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திறந்த போர்ட் அது. நாம் கேட்டதும் “வேலை செய்ய வை” என்றுதான். அது வேலை செய்கிறது. “இணையத்துக்கு எது எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது?” என்று முதலிலேயே கேட்டிருந்தால் பெரும்பாலும் சரியான விடையையே தந்திருக்கும். அந்தக் கேள்வி நம்மிடமிருந்து வர வேண்டும்.

கோட்டுக்குள்ளும் இதே கதைதான். 2021இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்போது புதிதாக வந்திருந்த கிட்ஹப் கோபைலட்டை 89 சூழல்களில் சோதித்தார்கள். அது எழுதிய 1,689 நிரல்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. இன்றைய மாடல்கள் அதைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டன. ஆனால் அவை இன்று செய்யும் தவறுகள் வரிகளில் தெரிவதில்லை, அமைப்பில் ஒளிந்திருக்கின்றன. லவபிள் என்ற ஏஐ கருவியால் செய்த 1,645 செயலிகளை 2025இல் ஆராய்ந்தபோது 170 செயலிகளில் டேட்டாபேஸின் தகவல்களை வெளியாட்கள் எடுக்க முடிந்தது. அவற்றின் பின்னால் இருந்த சூப்பாபேஸ் என்ற டேட்டாபேஸ் சேவையின் முறையில், பிரவுசருக்குப் போகும் சாவி ரகசியமானதே அல்ல. எந்த வரிசையை யார் படிக்கலாம் என்று டேட்டாபேஸில் எழுதும் விதிதான் உண்மையான காவல். செயலியின் திரைகள் அழகாக இருந்தன. அந்த விதிகள் சரியாக எழுதப்படவில்லை. திரையை மட்டும் பார்த்துச் சோதிப்பவருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

இதையெல்லாம் வைத்து ஏஐயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் டிஸ்க்குகளை வீட்டில் வைத்திருந்த பலர், ஒரு காலையில் தங்கள் சேமிப்பு மொத்தமும் அழிந்திருப்பதைக் கண்டார்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் வசதிக்கு முன்னால் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய கோட் இருந்தது. 2011இல் செய்த ஒரு மாற்றத்தில் அந்த வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டு அப்படியே விடப்பட்டிருந்தன. அதைச் செய்தவர் மனிதர். அந்தக் கருவிகளுக்கு 2015க்குப் பிறகு அப்டேட்டும் வரவில்லை.

ஏஜென்டின் கையில் நம் சாவிக்கொத்து

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்புவரை ஏஐ கருவி நமக்கு வரிகளைப் பரிந்துரைத்தது. நாம் ஏற்றோம் அல்லது தள்ளினோம். இப்போதைய ஏஜென்ட்கள் நம் டெர்மினலில் உட்கார்ந்து தாமே கட்டளைகளை ஓட்டுகின்றன. கோப்புகளைப் படிக்கின்றன, பேக்கேஜ்களை நிறுவுகின்றன, சர்வரில் ஏற்றுகின்றன. நாம் யாராக லாகின் செய்திருக்கிறோமோ அந்த அதிகாரம் முழுவதும் அவற்றுக்கும் உண்டு. டெவலப்பரின் லேப்டாப்பில் என்ன இருக்கிறது? சர்வருக்குப் போகும் எஸ்எஸ்ஹெச் சாவி, கிட்ஹப் டோக்கன், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள டாட்-என்வ் கோப்பு, கிளவுட் கணக்கின் ரகசியங்கள். ஒரு நிறுவனத்தின் மொத்தச் சாவிக்கொத்தும் ஒரே ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 26 அன்று நடந்ததை ஒவ்வொரு டெவலப்பரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பெரிதும் பயன்படும் என்எக்ஸ் என்ற பில்ட் கருவியின் கெட்டுப்போன பதிப்புகளை, திருடிய டோக்கனைக் கொண்டு யாரோ என்பிஎம் என்ற பேக்கேஜ் களஞ்சியத்தில் ஏற்றினார்கள். நிறுவிய உடனேயே தானாக ஓடும் ஸ்கிரிப்ட் அதில் இருந்தது. அது கிரிப்டோ வாலெட்டுகளையும் சாவிகளையும் டோக்கன்களையும் தேடியது. திருட்டு நிரலில் இது வழக்கமானதுதான். ஆனால் இது அந்தக் கணினியில் கிளாட், ஜெமினி, அமேசான் கியூ ஆகிய ஏஐ கருவிகள் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தது. இருந்தால், அனுமதி கேட்காமல் ஓடச் சொல்லும் சுவிட்சுகளோடு அவற்றைக் கூப்பிட்டு, ரகசியங்கள் இருக்கக்கூடிய கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும்படி கேட்டது. கிடைத்ததையெல்லாம் பாதிக்கப்பட்டவரின் கிட்ஹப் கணக்கிலேயே பொதுவில் ஒரு ரெப்போ திறந்து கொட்டியது. அந்தப் பதிப்புகள் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டன. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்லுபடியாகும் கிட்ஹப் டோக்கன்கள் வெளியே வந்துவிட்டன என்று விஸ் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நாம் சம்பளம் கொடுத்து வைத்த உதவியாளரையே திருடன் கூப்பிட்டு “பீரோ எங்கே?” என்று கேட்டது போன்ற நிகழ்வு இது. ஏஜென்டுக்கு யார் கேட்கிறார்கள் என்று பிரித்தறிய வழியில்லை. பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் (ஏஐ படிக்கும் எழுத்துக்குள் கட்டளையை ஒளித்துவைக்கும் தாக்குதல்) என்ற பெயரை 2022இல் வைத்த சைமன் வில்லிசன், இந்த ஆபத்தின் அடிப்படையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தனிப்பட்ட தகவலை எட்டும் வசதி, வெளியாட்கள் எழுதியதைப் படிக்கும் வசதி, வெளியே தகவல் அனுப்பும் வசதி ஆகிய மூன்றும் ஒரே ஏஜென்டிடம் சேர்ந்தால் தகவல் திருட்டுக்கு வழி பிறக்கிறது. ரெப்போவில் யாரோ பதிந்த ஒரு பிழைக் குறிப்பைப் படித்துத் திருத்து என்று ஏஜென்டிடம் சொல்கிறோம். அந்தக் குறிப்புக்குள்ளேயே அதற்கான மறைமுகக் கட்டளை இருக்கலாம். மாடல் படிப்பது எல்லாமே அதற்கு ஒரே எழுத்துதான். எது முதலாளி சொன்னது, எது வழிப்போக்கர் எழுதியது என்பதற்கு நடுவே உறுதியான சுவர் கிடையாது. மாடல்கள் இதைத் தடுப்பதில் முன்னேறி வருகின்றன. ஆனால் அந்த முன்னேற்றத்தின்மேல் ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸைப் பந்தயம் வைக்க எனக்கு மனம் வராது.

கெட்ட எண்ணம் கொண்டவர் யாருமே இல்லாதபோதும் விபத்து நடக்கிறது. 2025 ஜூலையில், சாஸ்டர் என்ற தொழில்முனைவோர் சமூகத்தை நடத்தும் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் என்ற கோடிங் தளத்தின் ஏஜென்டைக் கொண்டு ஒரு செயலி செய்துவந்தார். இனி எதையும் மாற்றாதே என்று அவர் சொல்லியிருந்த நேரத்தில் அது நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டது. பழைய நிலைக்குத் திருப்ப முடியாது என்றும் சொன்னது. உண்மையில் திருப்ப முடிந்தது. ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சோதனை டேட்டாபேஸையும் நேரடி டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவருவதாக அறிவித்தார்.

அந்தத் தீர்வைக் கவனிக்க வேண்டும். ஏஜென்டுக்கு இன்னும் கடுமையான அறிவுரை எழுதுவதோடு அவர்கள் நிற்கவில்லை. “அழிக்காதே” என்று பெரிய எழுத்தில் பத்து முறை எழுதுவதைவிட, அழிக்கும் அதிகாரம் இல்லாத பயனர் பெயரில் அதை ஓட்டுவது மேல். ஏஜென்ட் ஓட ஒரு தனிக் கன்டெய்னர் அல்லது தனிக் கணினி, அதற்குள் அந்த ஒரு திட்டத்தின் கோப்புகள் மட்டும், சோதனை டேட்டாபேஸின் பாஸ்வேர்டு மட்டும், சில மணி நேரத்தில் காலாவதியாகும் டோக்கன். நேரடி சர்வரின் சாவி அந்தக் கணினியில் இருக்கவே கூடாது. இதை அமைக்க ஒரு நாள் போகும். ஏஐயால் நமக்கு மிச்சமான நாட்களில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம்.

மிச்சமாகும் நேரம்

மிச்சமாகிறது என்று நாம் நினைக்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு ஆய்வு இருக்கிறது. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவம் மிக்க 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை அவர்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களிலேயே 246 வேலைகளைச் செய்யச் சொன்னது. சில வேலைகளுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஏஐ இருந்தபோது வேலைகள் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தன. எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். சின்னக் குழு, அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகள், நன்கு தெரிந்த பழைய கோட். இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. புதிய மொழியில் புதிதாக ஒன்றைத் தொடங்குபவருக்கு அனுபவம் வேறாக இருக்கும். என்றாலும் நம் வேகத்தை நாமே அளக்கும்போது தப்பாக அளக்கிறோம் என்ற அந்த ஒரு முடிவு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. வேகத்திலேயே இப்படி என்றால், “படித்துப் பார்த்துவிட்டேன், பாதுகாப்பாகத்தான் இருக்கிறது” என்ற நம் எண்ணத்தை எவ்வளவு நம்புவது?

படித்துப் பார்ப்பதுதான் இன்று அரிதான உழைப்பு. ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் கர்ல் என்ற கருவியைப் பராமரித்து வருகிறார். கைபேசி, கார், டிவி என்று இணையத்தில் பேசும் கணக்கற்ற கருவிகளுக்குள் அது இருக்கிறது. பாதுகாப்புக் குறைகளைக் கண்டு சொல்பவர்களுக்குப் பரிசு கொடுக்கும் திட்டத்தை அவர் நடத்திவந்தார். ஏஐ எழுதிய பொய் அறிக்கைகள் குவிந்தன. இல்லாத குறைகள், இல்லாத ஃபங்ஷன்கள், பக்கம் பக்கமாக நம்பிக்கையான நடை. ஒவ்வொன்றையும் மனிதர்கள் படித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார். அதே ஸ்டென்பெர்க், 2025 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஏஐ கருவிகளைக் கொண்டு கர்லில் கண்டுபிடித்துக் கொடுத்த உண்மையான பிழைகளைப் பார்த்து வியந்து பாராட்டவும் செய்தார். அந்த ஆய்வாளருக்குக் கோட் தெரியும். கருவி காட்டியதைச் சரிபார்த்துவிட்டு அனுப்பினார். மற்றவர்கள் சரிபார்க்கும் வேலையை ஸ்டென்பெர்க்கின் தலையில் இறக்கினார்கள்.

சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கு குறைகளைத் தேட ஏஐயைப் பயன்படுத்தும் இந்த இரண்டாவது வழி பெரிய வரம். தன் டாக்கர் கோப்பையும் வெப் சர்வர் அமைப்பையும் ஏஐயிடம் கொடுத்து, “ஒரு தாக்குதல்காரர் இதை எப்படிப் பார்ப்பார்?” என்று கேட்கலாம். அது சொல்லும் ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து, வேறொரு இணைப்பிலிருந்து போர்ட்களைத் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கொடுப்பதற்கு முன் பாஸ்வேர்டுகளை நீக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்டேட் விஷயத்தில் தாமதத்துக்கு இப்போது இடமே இல்லை. 2025 டிசம்பர் 3 அன்று ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சர்வர் பகுதியில் ஒரு குறை அறிவிக்கப்பட்டது. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. லாகின் கூடத் தேவையில்லாமல், ஒரே கோரிக்கையில் சர்வரில் கட்டளை ஓட்ட முடியும். அதன்மேல் அமைந்த நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் எழுதிய எண்ணற்ற தளங்கள் இதில் அடக்கம். அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டதாக அமேசான் எச்சரித்தது. “நான் ரியாக்ட்டில் எதுவும் எழுதவில்லையே” என்று சிலர் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் நிறுவியிருந்த வேறொரு மென்பொருள் அதில் எழுதப்பட்டிருந்தது. நம் சர்வரில் என்ன ஓடுகிறது என்ற பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டியது இதற்காகத்தான். ஏஐ ஒரு மாலையில் ஏழு செயலிகளை நிறுவித் தரும். ஏழையும் வருடக்கணக்கில் கவனிக்க முடியுமா என்று பார்த்து, முடியாவிட்டால் இரண்டோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

இன்னும் எளிய வழி, வெளியே திறக்காமலேயே இருப்பது. வயர்கார்ட் என்ற விபிஎன் 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பு முதல் கெர்னலிலேயே இருக்கிறது. சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியாது. அதன்மேல் எழுந்த டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகள், பொது ஐபி இல்லாத நம் ஊர் இணைப்புகளிலும் வேலை செய்கின்றன. குடும்பப் படங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஐந்தாறு பேர். அவர்கள் கைபேசிகளில் இதை ஒரு முறை அமைத்துக் கொடுத்துவிட்டால், லாகின் பக்கத்தை உலகத்துக்குக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. வீட்டு சர்வர் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

வீட்டைத் தாண்டி வரும்போது பொறுப்பு வேறு. பள்ளிக்கூடத்தின் கட்டணக் கணக்கு, மருந்துக் கடையின் வாடிக்கையாளர் பட்டியல், திருமண மண்டபத்தின் முன்பதிவு என்று ஒரே ஆள் ஏஐ உதவியோடு செய்து கொடுக்கும் செயலிகள் பெருகிவருகின்றன. அவற்றில் இருப்பவை பிறருடைய பெயர், தொலைபேசி எண், குழந்தையின் வகுப்பு, நோயின் விவரம். 2022இல் வந்த இந்தியக் கணினி அவசரகால அமைப்பின் உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வரவிருக்கின்றன. கோட்டை ஏஐ எழுதியது என்ற பதில் அங்கே எடுபடாது. சட்டத்தைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பட்டியலில் உள்ள மனிதர்கள். தங்கள் மகளின் தொலைபேசி எண் எந்தக் கணினியில் இருக்கிறது என்று அறியாமலேயே அவர்கள் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாக் காவலும் தவறும் நாளுக்கு மிச்சமிருப்பது பேக்கப். இதில் ரெப்ளிட் சம்பவத்துக்கு எட்டு வருடம் முன்பே ஒரு பாடம் நடந்தது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் நிரல், டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநரை உறுதிசெய்யும் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச்சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில், பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்கும் சோதனை ஏன் முறையாக நடக்கவில்லை என்ற கேள்வியைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். அந்த வேலை யாருடைய பொறுப்பாகவும் ஒதுக்கப்படவில்லை என்று பதிலும் எழுதினார்கள்.